நாற்பத்தாறு வீட்டுக் காலை வணக்கம்

தம்பிக்கு போன் விஷயம் நன்றாகத் தெரியும்போலிருக்கிறது. பஸ் ஏறினதிலிருந்து பார்க்கிறேன், கட்டைவிரல் நிற்கவே இல்லை. எனக்கு ஒரு சின்ன உதவி செய்ய வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. இப்போதே வேண்டாம், இந்தக் காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. ஆரியங்காவு தாண்டட்டும். அதுவரைக்கும் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். காரணம் சொல்லாமல் ஒருத்தரிடம் உதவி கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பெயர் நயினார். சுரண்டைப் பக்கம். இன்று காலையில்தான் திருவனந்தபுரத்தில் இறங்கினேன். இருபத்திரண்டு வருஷம் ஒரு அரபு நாட்டில் இருந்தேன். எந்த நாடு என்று கேட்காதீர்கள். பயமா? பயம் எதற்கு தம்பி? சாப்பாடு போட்ட நாடு, ஒரு மரியாதை, அவ்வளவுதான். கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேனே, அதுவும் மரியாதைதான்.

அங்கே என்னை நாத்தூர் என்பார்கள். கட்டிடக் காவல்காரன். ஆறு மாடி, நாற்பத்தாறு வீடு, ஒரு லிப்ட், ஒரு நாத்தூர். படித்தது எட்டாம் வகுப்பு. அரபி எழுத்தை மருந்துச் சீட்டையும் கடைப் பலகையையும் பார்த்துப் பார்த்தே படித்துக்கொண்டேன். ராத்திரி முழுக்க முழித்திருக்கிறவனுக்கு ஏதாவது ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தால்தான் விடியும். அரசியல் மட்டும் படிக்கவில்லை. அதில் எனக்கு ஈடுபாடே இல்லை. அந்த ஊர் அரசாங்கத்தின் ட்விட்டர் பக்கத்தில் எது போட்டாலும் ஒரு இதயத்தைத் தட்டிவிடுவேன். ரோடு போட்டாலும் இதயம், தண்ணீர் விட்டாலும் இதயம். ஒருதடவை மந்திரி ஒருத்தர் செத்துப்போன அறிவிப்புக்கும் இதயம் போட்டுவிட்டேன். அதுவும் மரியாதைதானே.

என் வேலையில் நான் பெருமைப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. காலை வணக்கம். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்றால் சொல்வதற்காக நாற்பத்தாறு வீட்டு வாட்ஸ்அப் நம்பரும் என்னிடம் இருந்தது. மோட்டார் தினமுமா ரிப்பேராகும்? நம்பர் சும்மா கிடக்கலாமா? தினமும் காலையில் ஐந்தரைக்கு, ராத்திரி டியூட்டி முடிகிற நேரம், நாற்பத்தாறு பேருக்கும் ஒரு பூப்படம் அனுப்புவேன். திங்கள் ரோஜா, செவ்வாய் செம்பருத்தி, புதன் தாமரை. அடியில் தமிழில் நல்ல வாசகம் ஒன்று. அரபிக்காரர்களுக்குத் தமிழ் தெரியாதே என்பீர்கள். பூ தெரியுமில்லையா?

எட்டு வருஷம் தம்பி. ஒருநாள் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் செம்பருத்தி போனது. என் வீட்டுக்காரி செண்பகம் என் பூவையெல்லாம் மியூட்டில் போட்டுவைத்திருக்கிறாள். "இஞ்ச இருக்கிற செடிக்குத் தண்ணி ஊத்த ஆளில்ல, போன்ல என்ன பூ வேண்டிக்கிடக்கு" என்று கேட்பாள். அவளுக்கு என்ன தெரியும்?

அனுப்பினதும் போனை வைத்துவிட மாட்டேன். உட்கார்ந்து பார்ப்பேன். இரண்டு டிக் சாம்பலாக நிற்கும். பிறகு ஒவ்வொன்றாக நீலமாகும். இந்த நீலம்தான் எனக்குச் சம்பளம். எந்த வீட்டில் யார் எத்தனை மணிக்குக் கண் விழிக்கிறார்கள் என்று என்னைக் கேளுங்கள். அறுநூற்று ஒன்றில் பாங்க் மானேஜர், ஒன்பது மணி. முந்நூற்று இரண்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடி, பதினொன்று. குழந்தை பிறந்த பிற்பாடு அதே ஜோடிக்கு ஐந்து முப்பத்திரண்டு. நான் கதவைத் தட்டினதில்லை, எட்டிப் பார்த்ததில்லை. கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாற்பத்தாறு படுக்கையறையும் எனக்குத் தெரியும். இப்படிச் சொன்னால் தப்பாகத் தெரிகிறது. அக்கறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தைந்து பேர் பார்ப்பார்கள், பேசாமல் இருப்பார்கள். பதில் போட்டது ஒரே ஒருத்தர். நானூற்று மூன்று, ஹனீன் அப்லா. டீச்சரை அங்கே அப்லா என்பார்கள். பெண்கள் பள்ளியில் அரபி சொல்லிக்கொடுத்தவர், நாற்பது வயது இருக்கும், தனியாக இருந்தார். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காலை என்று நாம் சொன்னால் ஒளிக் காலை என்று பதில் சொல்வார்கள். பிரியப்பட்டவர்களுக்குப் பூப்பெயர் வைத்துச் சொல்வார்கள். அப்லா எனக்கு ஸபாஹ் அல் யாஸ்மீன் என்று எழுதுவார். மல்லிகைக் காலை. ஐந்து முப்பத்தொன்றுக்கு நீலம், ஐந்து முப்பத்திரண்டுக்கு மல்லிகை. படமெல்லாம் அனுப்ப மாட்டார். கையால் எழுதினதுபோல எழுத்து மட்டும்தான்.

எதற்கு அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கிறார்? அதைத்தான் சொல்ல வந்தேன். அவருடைய தம்பி ஒருத்தன், படித்த பையன், தேர்தல் எப்போது என்று ட்விட்டரில் மூன்று வரி எழுதினானாம். மூன்றே வரி. கூட்டிப்போய்விட்டார்கள். எங்கே என்று கிடையாது, எப்போது விடுவார்கள் என்று கிடையாது. அப்லா கேட்டுக் கேட்டுப் பார்த்தார். கேட்டதற்காகவே பள்ளிக்கூட வேலை போனது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தன் பெயர் போடாமல் அதே ட்விட்டரில் ஒரு பக்கம் தொடங்கினார். "இன்னும் வீடு வரவில்லை" என்பது பக்கத்தின் பெயர். தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு, அப்படிக் கூட்டிப்போனவர்களில் ஒருத்தர் பெயர். இன்ன பொறியாளர், ஐந்நூற்றுப் பதினோராவது காலை. இன்ன மாணவி, நாற்பதாவது காலை. அவ்வளவுதான். திட்டுவது கிடையாது, கோஷம் கிடையாது. தொண்ணூறாயிரம் பேர் பார்த்தார்கள்.

எனக்கு ஒருநாள் காட்டினார். "நயினார், உன்னிடமிருந்துதான் இந்த யோசனை வந்தது. நீ தினமும் அனுப்புகிறாயே" என்றார். எனக்குப் பெருமைதான், ஆனாலும் தொழில் தெரிந்தவன் என்கிற முறையில் ஒரு குறை சொன்னேன்.

"அப்லா, வெறும் பெயரை யார் பார்ப்பாங்க? பக்கத்துல ஒரு பூ வைங்க."

"பூ வைத்தால் செத்துப்போனவர்கள் என்று நினைத்துவிடுவார்கள், நயினார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். நல்ல யோசனையை ஏற்றுக்கொள்கிற மனசு படித்தவர்களுக்குக் குறைவுதான்.

போன தை மாசம் ஐந்து பேர் வந்தார்கள். காலை ஏழு மணி. நானூற்று மூன்றின் மாற்றுச் சாவி கேட்டார்கள், கொடுத்தேன். கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே நாத்தூர் வேலை? நாலாவது மாடியில் லிப்ட் கதவு சிக்கும், பொத்தானை இரண்டு தடவை அமுக்குங்கள் என்றுகூடச் சொன்னேன். இரண்டு அட்டைப்பெட்டியோடும் அப்லாவோடும் இறங்கி வந்தார்கள். என்னைத் தாண்டும்போது அப்லா, "நயினார், மாடியில் செடிக்குத் தண்ணீர்" என்றார். அவ்வளவுதான் சொல்ல விட்டார்கள்.

செடிக்கு இருநூற்று மூன்றாம் வீட்டு லுல்வா தண்ணீர் விட்டாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண். புருஷன் ஃபஹத், ஆறு வயசில் ரீம் என்று ஒரு பெண் குழந்தை. ரீமுக்கு லிப்டில் ஏறி இறங்கினால் போதும், சோறு வேண்டாம். எனக்குச் சலாம் வைக்காமல் பள்ளி வண்டி ஏறாது.

நான் அப்லாவுக்கும் பூ அனுப்புவதை நிறுத்தவில்லை. பாவம், எங்கே இருக்கிறாரோ, ஒரு பூவாவது பார்க்கட்டும் என்று. நீலமானது தம்பி! ஐந்து முப்பத்தொன்றுக்கு இல்லை, எட்டு மணிக்கு. சரியாக எட்டு. வெள்ளி சனி மட்டும் நீலமாகாது. சரி, நன்றாகத் தூங்கவிடுகிறார்கள், வெள்ளி சனி அங்கே லீவு என்று நினைத்துக்கொண்டேன். மல்லிகைதான் வரவில்லை.

விசித்திரம் என்னவென்றால் அந்தப் பக்கமும் நிற்கவில்லை. இரண்டு நாள் ஓய்ந்தது. மூன்றாம் நாள் ஐந்து நாற்பதுக்குப் பெயர் வந்தது. ஹனீன், மூன்றாவது காலை.

பதினோராவது நாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

பெரிய ஆபீஸ் தம்பி. கண்ணாடிக் கட்டிடம், குளிர் எலும்பில் ஏறியது. சின்ன வயசு ஆபீசர், அத்தர் வாசனை, காலில் வெள்ளை ஷூ. உள்ளே போனால் சுவர்த் திரையில் என் ரோஜா! சுவர் அளவுக்குப் பெரிசாக்கிப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் செம்பருத்தி, தாமரை, எல்லாம் தேதி வாரியாக, ஒவ்வொரு பூவிலிருந்தும் ஒரு அம்புக்குறி ஒவ்வொரு பெயருக்கு. எட்டு வருஷமாக அனுப்புகிறேன், என் பூவை இத்தனை அக்கறையாகப் பார்த்தவர்கள் அவர்கள்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பயத்தில் கலங்கினதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஆபீசர் என்னை ரஃபீக் என்றுதான் கூப்பிட்டார், வெளிநாட்டு வேலைக்காரன் எல்லாருக்கும் அங்கே அதுதான் பெயர்.

"ரஃபீக், ஐந்து முப்பதுக்கு நீ பூ அனுப்புகிறாய். ஐந்து நாற்பதுக்குப் பெயர் வருகிறது. ரோஜா என்றால் என்ன? செம்பருத்தி என்றால் யார்?"

"செம்பருத்தின்னா செவ்வாய்க்கிழமை சார்."

"செவ்வாய்க்கிழமை என்ன நடக்கும்?"

"புதன்கிழமை வரும் சார்."

மேஜையைத் தட்டினார் பாருங்கள், தண்ணீர்க் குவளை துள்ளியது. பூவுக்கு அடியிலிருந்த தமிழைப் படிக்க ஒரு மலையாளியைக் கூட்டிவந்தார்கள். சசீந்திரன் என்று பெயர். அவனுக்குத் தமிழ் சினிமாவில் பார்த்ததுதான். "விடியும் பொழுது உங்களுடையதாகட்டும்" என்று ஒரு வாசகம். அதை அவன் எப்படித்தான் அரபியில் சொன்னானோ, ஆபீசர் எழுந்தே விட்டார். "எந்த விடியல்? என்றைக்கு? யாருடையது?" நான் சசீந்திரனிடம் கெஞ்சுகிறேன், "ஏ மக்கா, சும்மா காலை வணக்கம்னு சொல்லுடே." அவன் காதில் விழாததுபோல நிற்கிறான். அவனுக்கும் விசா இருக்கிறதே.

இரண்டு மணிநேரம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கெட்ட பெயர் எடுத்ததில்லை நான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சங்கேதமாம், சதியாம். என் காலை வணக்கம் சுத்தமானது என்று நிரூபிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று தோன்றியது. போனை அவர் முன்னால் திறந்து வைத்தேன்.

"சார், இதப் பாருங்க. இது சங்கேதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரு எப்ப முழிக்கிறாங்கன்னு பார்க்கிறதுக்கு. அறுநூத்தி ஒண்ணு ஒன்பது மணி. முந்நூத்தி ரெண்டு அஞ்சு முப்பத்திரெண்டு, குழந்தை அழும். அப்லா அஞ்சு முப்பத்தொண்ணு. இதோ, இருநூத்தி மூணு லுல்வா அம்மா, குழந்தை பள்ளிக்கூடம் சேந்ததுல இருந்து ஆறரைக்கு முன்னாடி முழிச்சதே கிடையாது. அப்லா போன மூணாம் நாளுல இருந்து பாருங்க, அஞ்சு முப்பத்தொண்ணு. தவறாம அஞ்சு முப்பத்தொண்ணு. செடிக்குக்கூட அவங்கதான் தண்ணி. பொறுப்பு வந்தா மனுஷங்க மாறிடுவாங்க சார்."

அதுவரைக்கும் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். போனை வாங்கினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். இரண்டு மணிநேரத்தில் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு ஆளைக் கூப்பிட்டு எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார். ஏலக்காய் போட்ட டீ. சுவரிலிருந்த ரோஜாவை அணைத்துவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் மரியாதை தேடி வரும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். அன்று வீட்டுக்கு போன் போட்டு செண்பகத்திடம்கூடச் சொன்னேன். "டீ குடுத்தாங்களா? எதுக்கு?" என்றாள். அவள் எப்போதுமே அப்படித்தான்.

மறுநாள் காலையில் லுல்வாவைக் கூட்டிப்போனார்கள். ரீமைப் பள்ளி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்புகிறவரைக்கும் காத்திருந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும், நல்லவர்கள்தான். குழந்தை ஜன்னல் வழியாக எனக்குச் சலாம் வைத்தது. நானும் வைத்தேன்.

பத்து மணிவாக்கில் ஃபஹத் ஓடிவந்தான்.

"நாத்தூர், நேற்று உன்னைக் கூப்பிட்டார்களாமே. என்ன கேட்டார்கள்?"

"ஒண்ணுமில்ல ஃபஹத் பாய். நல்லா கவனிச்சாங்க. டீ குடுத்தாங்க."

"எங்கள் வீட்டைப்பற்றி ஏதாவது சொன்னாயா?"

"நல்லதாத்தான் சொன்னேன். அம்மா இப்பல்லாம் அஞ்சரைக்கே முழிச்சிடுறாங்கன்னு சொன்னேன்."

லிப்டுக்கு முன்னால் மூன்று படி உண்டு. அதில் உட்கார்ந்துவிட்டான். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. தலையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லிப்ட் வந்தது, கதவு திறந்தது, மூடியது. தண்ணீர் வேண்டுமா பாய் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் மரியாதையை எதிர்பார்க்க முடியாது.

இப்போதுதான் என் மனக்குறைக்கு வருகிறேன் தம்பி. இதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். அதற்கு மறுநாள் செவ்வாய். ஐந்தரைக்குச் செம்பருத்தி அனுப்பினேன். ஒற்றை டிக். அறுநூற்று ஒன்று ஒற்றை டிக். முந்நூற்று இரண்டு ஒற்றை டிக். நெட் போய்விட்டதோ என்று போனை அணைத்துப் போட்டேன். வரிசையாக நாற்பத்துநாலு வீடு, ஒற்றை டிக். அத்தனை பேரும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்! ஒரே நாளில்! நான் தூக்கிக்கொடுத்த தண்ணீர் கேன் எத்தனை, லிப்டில் மாட்டிக்கொண்ட குழந்தைகளை வெளியே எடுத்தது எத்தனை தடவை! வாசலில் எதிர்ப்பட்டால் போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பாங்க் மானேஜர் பெண்டாட்டி, நான் குப்பை எடுக்கப் போனால் கதவுக்குப் பின்னாலிருந்து பையை மட்டும் நீட்டுகிறாள். நான் என்ன செய்தேன், சொல்லுங்கள். கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன்.

லுல்வாவைக் கூட்டிப்போன மூன்றாம் நாள் ஐந்து நாற்பதுக்குப் பெயர் வந்தது. லுல்வா, மூன்றாவது காலை.

ஆபீசர் மறுபடி கூப்பிட்டார். இந்தமுறை போனதுமே டீ. "ரஃபீக், இப்போது யார் ஐந்து முப்பத்தொன்றுக்கு விழிக்கிறார்கள்?" என்று சிரித்தமுகமாகக் கேட்டார். போனைக் காட்டினேன். நாற்பத்துநாலு ஒற்றை டிக். அவர் என் போனைப் பார்த்த மாதிரி இருக்கிறதே, பழுதாகிப்போன லிப்டை நான் பார்ப்பது அப்படித்தான். டீயை முடிக்கச் சொல்லவில்லை. அந்த மாசக் கடைசியில் கட்டிட முதலாளி வந்து, வயதாகிவிட்டது நயினார், ஊருக்குப் போ என்றார். ஐம்பத்துநாலு வயசு. பாருங்கள், அந்தச் சனங்கள் பிளாக் செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் நான் அங்கேதான் இருந்திருப்பேன். ஆபீசருக்கும் உதவியாக இருந்திருக்கும்.

அங்கே எல்லாருக்கும் ஜனநாயகம் வேண்டுமாம். ஒரு காலை வணக்கத்தைத் தாங்க முடியவில்லை, ஜனநாயகத்தை வைத்து என்ன செய்யப்போகிறார்கள்?

இரண்டு பேர் மட்டும் என்னை பிளாக் செய்யவில்லை. ஹனீன் அப்லா, லுல்வா. அவர்களுக்கு என்மேல் கோபமே இல்லை. வெள்ளி சனி தவிர தினமும் நீலம். இரண்டு பேருக்கும் ஒரே நேரம், எட்டு மணி. ஒரே அறையில் வைத்திருப்பார்கள்போலிருக்கிறது. பேச்சுத்துணை ஆயிற்று. நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். ராத்திரியில் தூக்கம் வராமல் கிடக்கும்போது வேறு மாதிரி நினைத்தால் காலையில் பூ அனுப்ப முடியாது.

இது எந்த ஊர், ஆரியங்காவா? சரி, உதவிக்கு வருகிறேன்.

இன்று விமானம் ஏறும் முன்னால் அந்த இரண்டு பேருக்கும் அனுப்பினேன். வியாழக்கிழமை, சூரியகாந்தி. இங்கே இறங்கினேன். நம் நேரத்துக்குப் பத்தரை என்றால் அங்கே எட்டு. பெட்டிக்காக நிற்கிறேன், இரண்டும் நீலமானது. பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்புகிறேன், போன் அதிர்ந்தது. இதோ பாருங்கள், மேலே தெரிகிறதே. அப்லா நம்பரிலிருந்து. ஒரு படம் என்று மட்டும் காட்டுகிறது. திறந்தால்தான் தெரியும்.

ரோஜாவாகத்தான் இருக்கும். எத்தனை வருஷப் பூவுக்குப் பதில் பூ அனுப்ப வேண்டாமா? அப்லா படம் அனுப்பமாட்டார் என்று நான்தான் சொன்னேன், ஆனால் மனுஷர்கள் மாறுவார்கள். ஒருவேளை அவருடைய போட்டோவே அனுப்பியிருக்கலாம், நன்றாக இருக்கிறேன் நயினார் என்று. ஒருவேளை... ரோஜாதான்.

திறக்கவில்லை. காலையிலிருந்து திறக்கவில்லை. திறந்தால் அங்கே நீலமாகிவிடும் தம்பி. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து பார்ப்பார், நயினார் இத்தனை மணிக்கு முழித்திருக்கிறான், இத்தனை மணிக்குப் பார்த்தான் என்று. ஒருத்தன் எப்போது பார்க்கிறான் என்பதை இன்னொருத்தன் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்? அதற்கு ஏதோ வழி இருக்கிறதாமே, பார்த்தாலும் நீலமாகாமல் அணைத்துவைக்க? அதைத்தான் செய்துகொடுங்கள்.

என்ன? அணைத்தால் மற்றவர்கள் பார்த்தார்களா என்பதும் எனக்குத் தெரியாதா? ஒன்றுமே தெரியாதா? அப்படி ஒரு சட்டமா?

கொஞ்சம் பொறுங்கள்.

எனக்கு மிச்சம் இருப்பதே இரண்டு நீலம்தான். அதுவும் போய்விட்டால் அவர்கள் இரண்டு பேரும் இருக்கிறார்களா என்று நான் எதை வைத்து...

சரி. அணைத்துவிடுங்கள். வேண்டாம் வேண்டாம், அணைத்தே விடுங்கள். எனக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், கல்யாணம் ஆகவில்லை.

ஆயிற்றா? அப்படியே அந்தப் படத்தையும் நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள். நான் இந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குக் காட்ட வேண்டாம். வாயால் சொன்னால் போதும்.

ரோஜாதானே?

தம்பி, ரோஜாதானே?